மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளை இலவசமாகப் படிப்பது எப்படி?

கூகுளில் ஒரு நோயின் பெயரை டைப் செய்து தேடினால் லட்சக்கணக்கில் பக்கங்கள் வந்து விழுகின்றன. மருந்து விற்பவர் எழுதியது, பாட்டி வைத்தியம் சொல்பவர் எழுதியது, பத்திரிகைச் செய்தி, யூட்யூப் வீடியோ என்று எல்லாம் கலந்து கிடக்கும். "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் தவறாமல் எல்லாவற்றிலும் இருக்கும். சரி, அந்த ஆராய்ச்சியைத்தான் பார்த்துவிடுவோமே என்று அதன் மேல் க்ளிக் செய்தால், பாதிப் பக்கத்தில் ஒரு பெட்டி வந்து மறித்துக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறது. பொய் இலவசமாகக் கிடைக்கிறது, அதைச் சரிபார்க்கப் பணம் வேண்டியிருக்கிறது!

திண்டிவனத்தில் நான் நடத்தும் ஆன்லைன், ஜெராக்ஸ் கடைக்கு நர்சிங் மாணவிகள் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வருவார்கள். ஒரு மழைக்காலத்தில், விழுப்புரத்தில் படிக்கும் மாணவி ஒருவர் மொபைலை நீட்டினார். தலைப்பு பாம்புக்கடி. திரையில் இருந்த கட்டுரையைப் படிக்க முப்பது டாலருக்கு மேல் கேட்டது ஒரு வெப்சைட். "அண்ணா, கார்டு இல்லாம இதை எப்படியாவது எடுத்துத் தர முடியுமா?" என்றார். "இரும்மா, முதல்ல பப்மெட்ல பார்ப்போம்" என்று உட்கார்ந்தேன். அதே விஷயத்தைப் பற்றி, அதுவும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே எடுத்த ஆய்வு ஒன்று, ஒரு பைசா செலவில்லாமல் முழுமையாகக் கிடைத்தது. அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

பூட்டு எங்கிருந்து வந்தது?

ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் சன்மானம் வரும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அப்படி எதுவும் கிடையாது. டாக்டரோ விஞ்ஞானியோ பத்திரிகைக்கு இலவசமாகத்தான் கொடுக்கிறார். அதைப் படித்துத் தவறு கண்டுபிடிக்கும் சக விஞ்ஞானிகளுக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. ஆராய்ச்சிக்கான செலவு பல நேரங்களில் அரசாங்கப் பணம், அதாவது நம் வரிப்பணம். இத்தனைக்கும் பிறகு பதிப்பகம் அதை அச்சிட்டு, அதே கல்லூரிகளின் நூலகத்திற்கு ஆண்டுச் சந்தாவாக விற்கிறது. அச்சு, தபால் என்று செலவு இருந்த காலத்தில் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. இண்டர்நெட் வந்த பிறகும் விலை இறங்கவில்லை, ஏறத்தான் செய்தது.

இதற்கு எதிராக எழுந்ததுதான் ஓப்பன் ஆக்சஸ். தமிழில் திறந்த அணுக்கம் என்கிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 ஜூன் மாதம் பப்மெட் என்ற தேடல் வசதியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஆனால் பப்மெட் ஒரு நூலக அட்டவணை மாதிரி. கட்டுரையின் பெயரும் சுருக்கமும் இருக்கும், முழுக் கட்டுரை இருக்காது. முழுக் கட்டுரைகளைச் சேமித்து வைக்க 2000-ம் ஆண்டு பப்மெட் சென்ட்ரல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக பிஎம்சி. இந்த இரண்டையும் பலர் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறார்கள். பப்மெட்டில் இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன, பிஎம்சியில் ஒரு கோடிக் கட்டுரைகள். எனவே பப்மெட்டில் பார்க்கும் எல்லாவற்றுக்கும் முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைத்துவிடாது.

2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை என்ற பெயரில் ஓப்பன் ஆக்சஸுக்கு ஒரு விளக்கம் எழுதப்பட்டது. காசு கொடுக்காமல் படிக்கலாம் என்பதோடு அது நிற்கவில்லை. டவுன்லோட் செய்யலாம், நகல் எடுக்கலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதி மிக முக்கியம். பிறகு அதற்கு வருகிறேன்.

நம் நாட்டில் இது வெளிநாட்டைப் பார்த்துக் காப்பியடித்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். மும்பை கேஇஎம் மருத்துவமனையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின் என்ற பத்திரிகை, 2000-க்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகளிலேயே இணையத்தில் முழுமையாக இலவசம். அதை இணையத்தில் ஏற்றிய டாக்டர் டி.கே.சாஹு, மெட்நோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பல இந்திய மருத்துவச் சங்கங்களின் பத்திரிகைகளை இதே முறையில் கொண்டுவந்தார். படிப்பவரிடமும் காசு இல்லை, பெரும்பாலும் எழுதுபவரிடமும் காசு இல்லை! இணையத்தில் ஓசியில் கொடுத்தால் அச்சுப் பிரதியை யார் வாங்குவார்கள் என்று சங்கங்கள் பயந்தன. பயந்தபடி நடக்கவில்லை. 2011-ல் மெட்நோவை வோல்டர்ஸ் க்ளூவர் என்ற பன்னாட்டுப் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. சென்னையில் சுப்பையா அருணாசலம் என்ற தகவல் அறிவியலாளர் இதற்காகப் பல்லாண்டுகளாக எழுதியும் பேசியும் வந்தவர். 2004-ல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகள் நடந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சி. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அதைச் செய்தது (இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் இதழில் அது வெளியானது. தொண்ணூறு பக்கத்துக்கும் மேல். அந்த முழுக் கட்டுரையும் ஸ்கேன் செய்யப்பட்டு பிஎம்சியில் இருக்கிறது. ஹோம், சானடோரியம், சவுத் இந்தியா என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். நம் ஊர் ஏழைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியை நம் ஊரில் உட்கார்ந்து படிக்க முடிவது சின்ன விஷயமில்லை.

தேடிப் பார்ப்போம்

இப்போது செய்முறை. பாம்புக்கடியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம் அதிகம். மழை தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டும் கூடவே வந்துவிடும். ஏதோ ஒரு சொட்டு மருந்தை நாக்கில் விட்டால் பாம்பு விஷம் இறங்கிவிடும், ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்று அதில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்களே அதை நாலு க்ரூப்பில் அனுப்புகிறார்கள். இதை நம்பி ஒரு மணி நேரம் வீணாக்கினால் உயிர் போகும்.

ப்ரவுசரைத் திறந்து பப்மெட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் முதல் விடையாக அதுதான் வரும். முகவரியின் கடைசியில் என்ஐஹெச் டாட் கவ் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் அசல். உள்ளே போனதும் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் ஸ்நேக்பைட், தமிழ்நாடு என்ற சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்து என்டர் தட்டுங்கள். தமிழ்நாடு என்பதை இரண்டு சொல்லாகப் பிரித்து டைப் செய்ய வேண்டும். தமிழ் எழுத்தில் கொடுத்தால் பலன் இல்லை.

இடது பக்கம் சில ஃபில்டர்கள் தெரியும். டெக்ஸ்ட் அவைலபிலிட்டி என்ற தலைப்பின் கீழ் ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். மொபைலில் பார்ப்பவர்களுக்கு இது வெளியில் தெரியாது, ஃபில்டர் என்ற பட்டனைத் தட்டினால்தான் திறக்கும். டிக் செய்தவுடன் பட்டியல் சுருங்கிவிடும். மிஞ்சியிருப்பவை எல்லாம் முழுமையாக இலவசமாகப் படிக்கக்கூடியவை. ஒரு தலைப்பைத் திறந்தால் ஃபுல் டெக்ஸ்ட் லிங்க்ஸ் என்ற இடத்தில் பிஎம்சியின் பட்டன் இருக்கும். அதில் க்ளிக் செய்தால் முழுக் கட்டுரை. பிடிஎஃப் வேண்டுமானால் அங்கேயே டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

அந்த மாணவிக்குக் கிடைத்தது 2013-ல் ப்ளோஸ் ஒன் என்ற பத்திரிகையில் வந்த ஆய்வு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 28,494 பேரைப் பற்றிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களில் 3.9 சதவீதம் பேர் பாம்புக்கடிக்கு ஆளானவர்கள். அதாவது ஏறக்குறைய 1,100 பேர். சிகிச்சைச் செலவு, அதன் பிறகு வேலை செய்ய முடியாமல் போனது எல்லாம் அதில் இருக்கிறது. விஷமுறிவு மருந்து பக்கத்திலேயே, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 3.9 சதவீதம் என்றதும் "தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாலு பேரை வருஷா வருஷம் பாம்பு கடிக்கிறது" என்று ஒருவர் ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார். அப்படி இல்லை. அது வாழ்நாளில் எப்போதாவது கடிபட்டவர்களின் கணக்கு, ஓர் ஆண்டுக் கணக்கு அல்ல. கிராமங்களில் எடுத்தது, எனவே விழுப்புரம் டவுனுக்கோ சென்னைக்கோ அப்படியே பொருத்தக் கூடாது. பழைய சம்பவங்களை நினைவிலிருந்து சொல்லும்போது கொஞ்சம் கூடலாம், குறையலாம். இதெல்லாம் கட்டுரையின் மெத்தட்ஸ் என்ற பகுதியைப் படித்தால்தான் பிடிபடும். பூட்டிய கட்டுரையில் நமக்குக் கிடைப்பது மேலே உள்ள சுருக்கம் மட்டும். மெத்தட்ஸ் பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. அதனால்தான் முழுக் கட்டுரை வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2011-ல் வந்த இன்னொரு கட்டுரையையும் பாருங்கள். ப்ளோஸ் நெக்லெக்டட் ட்ராபிகல் டிசீசஸ் என்ற பத்திரிகையில் வந்தது, இதுவும் ஓப்பன் ஆக்சஸ். 2005-ல் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 45,900 பேர் என்று அது மதிப்பிட்டது. மருத்துவமனைகள் கொடுத்த அரசுக் கணக்கைப் போல இது முப்பது மடங்குக்கும் மேல்! காரணம் எளிது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நூற்றுக்கு 97 பேர் கிராமத்தவர்கள். 2020-ல் ஈலைஃப் என்ற திறந்த பத்திரிகையில் வந்த தொடர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம் மரணங்கள் என்றது. இப்படி எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் எண்கள் வந்தால் மூடி மறைப்பது கடினம். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடி சம்பவங்களைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது.

விஷயம் வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். சொட்டு மருந்து ஃபார்வர்டு வந்தால், அந்த மருந்தின் பெயரோடு ஸ்நேக்பைட் என்று சேர்த்து பப்மெட்டில் தேடி, மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்த ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று அனுப்பியவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாமா?

முன்பு சொன்ன இரண்டாவது பாதி இதுதான். திறந்த கட்டுரையின் ஓரத்திலோ கடைசியிலோ லைசென்ஸ் என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சிசி பிஒய் என்று இருந்தால், ஆசிரியர் பெயரையும் மூலத்தையும் லைசென்ஸையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிட்டு, நீங்கள் எதுவும் செய்யலாம். தமிழில் மொழிபெயர்த்து நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மேலே சொன்ன ப்ளோஸ் கட்டுரைகள் இந்த வகை. என்சி என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. என்டி என்று இருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். லைசென்ஸ் வரியே இல்லையென்றால் இலவசமாகப் படிக்க மட்டும்தான் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மருத்துவம் எழுதுபவர்கள் சிசி பிஒய்யை இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பூட்டிய கட்டுரைதான் வேண்டும் என்றால்?

அன்பேவால் என்ற எக்ஸ்டென்ஷனை க்ரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் பக்கத்தைத் திறக்கும்போது, அதே கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி வேறு எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். பல ஆசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதியை வைத்திருப்பார்கள், அதைத்தான் இது கண்டுபிடிக்கிறது. கூகுள் ஸ்காலரிலும் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் பிடிஎஃப் என்று இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்றால், 2025 ஜூலை 1 முதல் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டவை, வெளியான அன்றே பிஎம்சியில் வர வேண்டும் என்பது விதி. முன்பு ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகளை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் கல்லூரி நூலகரிடம் லாகின் விவரம் கேளுங்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பூட்டு போகவில்லை, சாவி சில பேருக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. திண்டிவனத்தில் க்ளினிக் நடத்தும் தனியார் டாக்டரும், வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் நீங்களும் நானும் அதற்கு வெளியேதான் இருக்கிறோம்.

சைஹப் பற்றிக் கேட்பீர்கள். அதன் மேல் பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவு வந்தது. இங்கே சொன்ன வழிகள் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை, அவையே பெரும்பாலும் போதும்.

இலவசம் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை

ஓப்பன் ஆக்சஸில் ஒரு கோளாறு உண்டு. படிப்பவரிடம் வாங்காத பணத்தைப் பல பத்திரிகைகள் எழுதுபவரிடம் வாங்குகின்றன. கட்டுரை ஒன்றுக்கு 2,000, 3,000 டாலர் என்பதெல்லாம் சாதாரணம். வசதியில்லாத நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குத் தள்ளுபடி தருபவர்கள் உண்டு. என்றாலும் நம் மாவட்டத்து டாக்டர் ஒருவர் தன் அனுபவத்தை எழுத நினைத்தால் இந்தத் தொகையைப் பார்த்தே பேனாவை மூடிவிடுவார். இதைவிட மோசம், காசு கொடுத்தால் எதையும் போடும் போலிப் பத்திரிகைகள். பரிசோதனை செய்தோம் என்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒரு பத்திரிகை நம்பத்தக்கதா என்று பார்க்க டிஓஏஜே என்ற பட்டியல் உதவும். 2003-ல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பத்திரிகையின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தா வாங்கும் பழைய பத்திரிகைகள் இந்தப் பட்டியலில் இருக்காது, அவை போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பெரிய பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 மே 22 அன்று லான்செட் பத்திரிகையில், கொரோனாவுக்கு ஹைட்ராக்சிக்ளோரோகுயின் கொடுத்தால் ஆபத்து என்று, 96,000 நோயாளிகளின் விவரத்தை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அந்த விவரத்தை யாரும் சரிபார்க்க முடியவில்லை. பதின்மூன்றே நாளில், ஜூன் 4 அன்று, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இப்படித் திரும்பப் பெற்ற கட்டுரைகளின் மேல் பப்மெட்டில் ரிட்ராக்டட் என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். ஆனால் நீங்கள் ஆறு மாதம் முன்பு டவுன்லோட் செய்து வைத்த பிடிஎஃப்பில் அது இருக்காது. எனவே யாருக்காவது காட்டுவதற்கு முன் ஒரு முறை பப்மெட்டில் போய்ப் பாருங்கள். மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில் இருப்பவை இன்னும் பரிசீலனை முடியாதவை, ப்ரீபிரிண்ட் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அவற்றை வைத்து மாத்திரையை மாற்றிவிடாதீர்கள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் டாக்டர்களும் உண்டு, உட்கார வைத்து விளக்குபவர்களும் உண்டு.

எந்த வழியிலும் கிடைக்காத கட்டுரை என்றால், கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் இமெயில் இருக்கும், சுருக்கப் பக்கத்திலும் பல நேரம் தெரியும். அவருக்கே எழுதிக் கேட்கலாம். தன் கட்டுரையை ஒரு வாசகருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்புவதை அநேகமாக எல்லாப் பதிப்பகங்களும் அனுமதிக்கின்றன. நாலு வரி ஆங்கிலம் போதும். நீங்கள் யார், கட்டுரையின் தலைப்பு என்ன, எதற்காக வேண்டும் என்று எழுதுங்கள். அந்த மாணவி இரண்டாவதாகக் கேட்ட கட்டுரையை இப்படித்தான் வாங்கினோம். மூன்றாம் நாள் பிடிஎஃப் வந்தது, கூடவே "உங்கள் ஊரில் எந்தப் பாம்பு அதிகம்?" என்று ஒரு கேள்வியும் வந்தது.